வீட்டிற்கு வேண்டியது குடை

கிள்ளானில் எங்கள் குடும்பம் வாழும் வீடு ஒரு மாடியில்லா வரிசை வீடு. இருபுறமும் அண்டை வீட்டாரின் சுவர். முன்னால் கார் நிறுத்துமிடம். பின்னால் சமையலறை, அதையொட்டிப் பாட்டியின் அறை. கிள்ளான் பள்ளத்தாக்கில் இப்படிப்பட்ட வீட்டில் வளராத தமிழ் மாணவர்கள் நம் கழகத்தில் குறைவு என்றே நினைக்கிறேன். எனவே நான் செய்த ஒரு தவற்றை இங்கே சொல்வது உங்களுக்கும் பயன்படும்.

பொறியியல் மூன்றாமாண்டு படித்துக்கொண்டிருந்த காலம். ஆற்றல் சிக்கனம் பற்றி நூலகத்தில் கிடைத்த நூல்களையெல்லாம் படித்தேன். பெரும்பாலும் கனடாவிலும் வட ஐரோப்பாவிலும் எழுதப்பட்டவை. வீட்டில் ஓர் இடுக்கும் இருக்கக்கூடாது, சுவர்களுக்குக் காப்பு வேண்டும், சன்னல்களை இறுக மூட வேண்டும் என்று அவை வலியுறுத்தின. விடுமுறைக்கு வீடு திரும்பியவன் சும்மா இருக்கவில்லை. சன்னல்களுக்கு மேலிருந்த காற்றுத் துளைகளை நெகிழிப் பலகையால் அடைத்தேன். கதவிடுக்குகளில் ரப்பர் பட்டை ஒட்டினேன். 'இனி மின்கட்டணம் பாதியாகும்' என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

இரண்டே மாதங்களில் அலமாரிக்குப் பின்னால் சுவரில் கரும்பூஞ்சணம் படர்ந்தது. மாலையில் வீட்டிற்குள் மூச்சு முட்டியது. அதுவரை படுக்கையறையில் மட்டும் ஓடிய குளிர்சாதனம் கூடத்திலும் ஓடியது. பாட்டி பாயை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். எழுபது வயதைத் தாண்டியவர், மதியம் முழுதும் காருக்குப் பக்கத்தில், கொசுக்கடியில் படுத்திருந்தார். “ஏம்பா, வீட்டுக்குப் போர்வை போத்திட்டியே, இங்க என்ன குளிரா அடிக்குது?” என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதிலில்லை.

நான் படித்த நூல்களில் பிழையில்லை. அவை வேறொரு வானத்தின் கீழ் எழுதப்பட்டவை. அந்த வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

குளிருக்கும் வெயிலுக்கும் ஒரே வீடு

கடுங்குளிரும் கடுவெயிலும் மாறிமாறி வரும் நாடுகளில் ஒரு வீடு இரண்டு வேலைகளைச் செய்ய வேண்டும். குளிர்காலத்தில் வெப்பத்தை உள்ளே பிடித்து வைக்க வேண்டும். கோடையில் அதை வெளியே நிறுத்த வேண்டும். இதற்கு அந்நாட்டார் நம்பியிருப்பது சூரியன் நிற்கும் உயரத்தை.

எடுத்துக்காட்டாக, நம் உறவினர் பலர் வாழும் டொராண்டோ நகரை எடுத்துக்கொள்வோம். அது ஏறத்தாழ வட அகலாங்கு 44 பாகையில் உள்ளது. அங்கே ஜூன் மாத நண்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து 70 பாகை உயரத்தில் நிற்கும். டிசம்பரிலோ 23 பாகைதான். எனவே பெரிய சன்னல்களைத் தெற்குப் பக்கம் வைத்து, மேலே அளவான இறவாரம் கொடுத்தால் போதும். கோடையின் உயர்ந்த சூரியனை இறவாரம் மறைக்கும். குளிர்காலத்தின் தாழ்ந்த சூரியன் அதற்கடியில் நுழைந்து கூடத்தை வெதுவெதுப்பாக்கும். பொத்தானை அழுத்த வேண்டியதில்லை, வானமே மாற்றிக்கொடுக்கிறது. மெல்பர்னில் இருக்கும் நம் முன்னாள் மாணவர்களுக்கும் இதே கணக்குத்தான். ஆனால் அங்கே தெற்குக்குப் பதில் வடக்கு.

இதனுடன் தடித்த காப்பும் காற்றுப் புகாத கட்டுமானமும் சேர்ந்தால் வெப்பமூட்டும் செலவு மிகவும் குறைந்துவிடும். கனடாவின் ரெஜைனா நகரில் 1977இல் கட்டப்பட்ட சஸ்காட்சுவான் சேமிப்பு வீடும், ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் 1991இல் எழுந்த முதல் 'பாசிவ் ஹவுஸ்' குடியிருப்பும் இதை உலகுக்கு மெய்ப்பித்துக் காட்டின. அங்கேயும் வீட்டை வெறுமனே அடைத்துவிடுவதில்லை. வெளியேறும் காற்றின் வெப்பத்தை உள்வரும் காற்றுக்கு மாற்றிக் கொடுக்கும் கருவியைப் பொருத்தி, புதுக்காற்றை இடைவிடாது விடுகிறார்கள். நான் அடைப்பதை மட்டும் கற்றேன், இதைக் கவனிக்கவில்லை.

பருவத்திற்கேற்ப வீட்டை மாற்றிக்கொள்வது தமிழர்க்குப் புதிதன்று. பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடையைப் பாடமாகப் படித்த மாணவர்களுக்கு இது நினைவிருக்கும். வாடைக்காலம் வந்ததும் தென்றல் வரும் மாடிப் படுக்கையறையின் கதவுகள் தாழிடப்படுகின்றன. விசிறிகள் பயனின்றித் தொங்குகின்றன. முதியோரும் இளையோரும் நெருப்புத் தடாவைச் சுற்றிக் குளிர்காய்கின்றனர். அரண்மனைக்குத் திசை குறிப்பவர்கள் கோல் நட்டு, நண்பகல் நிழலைப் பார்த்த பிறகே மனையை வகுக்கிறார்கள். நக்கீரர் பாடிய அந்த வீட்டில் ஒரு பருவத்திற்குத் திறப்பு, ஒரு பருவத்திற்கு அடைப்பு. முதலில் சூரியனைப் பார், பிறகு வீட்டைக் கட்டு என்பதே அங்கு நாம் பெறும் பாடம். அதை நம் ஊருக்குப் பொருத்திப் பார்ப்போம்.

நம் தலைக்கு மேல் சூரியன்

கிள்ளானும் கோலாலம்பூரும் வட அகலாங்கு 3 பாகையில் உள்ளன. ஆண்டு முழுவதும் பகலில் 32, 33 பாகை செல்சியஸ். இரவில் 24 பாகை. ஈரப்பதம் எப்போதும் மிகுதி. கார், கூதிர், முன்பனி, பின்பனி என்று ஆறு பெரும்பொழுதுகளை வகுத்த மொழியைப் பேசும் நமக்கு இங்கே வாய்த்திருப்பவை இரண்டுதான்: மழை பெய்யும் வெப்பம், மழை பெய்யாத வெப்பம்!

நம் சூரியன் மார்ச் மாத இறுதியிலும் செப்டம்பர் நடுவிலும் நண்பகலில் சரியாகத் தலைக்கு மேல் நிற்கிறது. இடைப்பட்ட மாதங்களில் அது வடக்குப் பக்கமாகச் சாய்கிறது. ஜூன் மாதத்தில்கூட அந்தச் சாய்வு உச்சியிலிருந்து 20 பாகைதான். மற்ற மாதங்களில் தெற்கே சாயும். டிசம்பரில் ஏறத்தாழ 26 பாகை. ஆகவே வடக்கு, தெற்குச் சுவர்களை ஓரளவு நீண்ட இறவாரமே காப்பாற்றிவிடும். வெயிலின் முழுப் பளுவும் விழுவது கூரையின் மேல். அடுத்த நிலையில் காலையில் கிழக்குச் சுவர், மாலையில் மேற்குச் சுவர். தாழ்ந்து வரும் காலை, மாலை வெயிலை இறவாரத்தால் தடுக்க முடியாது.

வரிசை வீட்டில் இதன் விளைவு என்ன? 20 அடி அகலமும் 60 அடி நீளமும் கொண்ட வீட்டின் கூரைப் பரப்பு 1,200 சதுர அடி. முன்சுவரும் பின்சுவரும் பத்தடி உயரம் என்றால் இரண்டும் சேர்ந்து 400 சதுர அடிதான். பக்கச் சுவர்களில் வெயில் படுவதே இல்லை. குளிர்நாட்டு நூலைப் பார்த்து நான் சன்னலிடுக்கில் ரப்பர் ஒட்டிக்கொண்டிருந்தபோது, என் தலைக்கு மேல் 1,200 சதுர அடி அடுப்பு எரிந்துகொண்டிருந்தது!

செங்கல் சொல்லும் கதை

கோலாலம்பூர் ஒரு காலத்தில் அத்தாப்புக் கூரைகளின் ஊர். 1881இல் முதலில் தீயும், பின்னர் வெள்ளமும் அதனை அழித்தன. அடுத்த ஆண்டு சிலாங்கூரின் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம், கட்டடங்கள் செங்கல்லாலும் ஓட்டாலும் அமைய வேண்டும் என்றார். அதற்கான செங்கற்சூளைகள் இருந்த இடமே பிரிக்பீல்ட்ஸ். நம்மவர் பலர் ரயில்வே வேலைக்கு வந்து குடியேறிய அந்த வட்டாரத்தின் பெயரிலேயே நம் கட்டடக் கலையின் திருப்புமுனை ஒளிந்திருக்கிறது.

செங்கல் தீயிலிருந்து காத்தது. ஆனால் அது வெப்பத்தைச் சேமித்து வைக்கும். தமிழகத்தின் உள்மாவட்டங்களில் இது நன்மையாகவும் அமையும். அங்கே பகலுக்கும் இரவுக்கும் வெப்பநிலை வேறுபாடு கூடுதல். தடித்த சுவர் பகல் வெயிலை மெல்ல வாங்கி, குளிர்ந்த இரவில் விட்டுவிடும். கிள்ளானில் இரவே வெதுவெதுப்பானது. மாலை வெயிலைக் குடித்த மேற்குச் சுவர் இரவு ஒன்பது, பத்து மணிக்கு அந்த வெப்பத்தை நம் கட்டிலின் பக்கம் திருப்பிக் கொடுக்கிறது. உங்கள் வீட்டின் மேற்குச் சுவரை இரவு பத்து மணிக்கு உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள். நான் சொல்வது விளங்கும்.

அந்நாளையக் கடைவீடுகளைக் கட்டியவர்கள் இதை அறிந்திருந்தார்கள். முன்னால் ஐந்தடி நடைபாதை. அதன் நிழலில் முகப்புச் சுவர். வீட்டின் நடுவே வானம் பார்க்கும் காற்று முற்றம். உயர்ந்த கூரை. சூடான காற்று மேலேறி வெளியேற, தெருக்காற்று கீழே உள்ளே வந்தது. மலாய்க் கிராம வீடு வேறு வழியில் அதையே சாதித்தது: தூண்களின் மேல் தரை, மெல்லிய பலகைச் சுவர், வெப்பத்தைச் சேமிக்காத அத்தாப்பு, நீண்ட இறவாரம். பாட்டி பிறந்து வளர்ந்த தோட்டத்து லயத்தில் வசதிகள் எதுவும் இல்லை. வறுமையை அழகாக்கிப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் பலகைச் சுவரும் வாசல் மாமரமும் இரவில் வெப்பத்தைத் தேக்கவில்லை என்பது உண்மை. தாமான் வீட்டிற்கு வந்தபோது குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் கிடைத்தன, மாமரம் போய்விட்டது.

நம் பள்ளத்தாக்கிலேயே உள்ள பாடங்கள்

நல்ல வெப்பமண்டல வீட்டைப் பார்க்க நாம் வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. கட்டடக் கலைஞர் கென் இயாங் 1985இல் அம்பாங்கில் தமக்கெனக் கட்டிய வீட்டின் பெயரே 'ரூஃப்-ரூஃப்', அதாவது கூரைக்கு மேல் கூரை. வீட்டின் மேல் வளைந்த சட்டங்களாலான இன்னொரு கூரை குடைபோல் நிற்கிறது. சட்டங்களின் சாய்வு இளங்காலை வெயிலை விட்டு, உச்சி வெயிலைத் தடுக்கிறது.

பாங்கியில் ஜிம்மி லிம் வடிவமைத்து 1992இல் நிறைவடைந்த சாலிங்கர் இல்லம் செங்கால் மரத்தால் ஆனது. தூண்களின் மேல் உயர்ந்து, காற்றை எல்லாப் பக்கமும் விட்டு, பெருங்கூரையின் நிழலில் நிற்கும் அந்த வீட்டிற்கு 1998இல் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது.

புத்ராஜெயாவில் எரிசக்தி ஆணையத்தின் 'வைரக் கட்டடம்' 2010இல் எழுந்தது. அது மேலே அகன்று கீழே குறுகும்; சுவர்கள் 25 பாகை உள்நோக்கிச் சாய்ந்திருக்கும். பார்ப்பவர்கள் அதை அழகுக்காக என்று எண்ணுவார்கள். நண்பகல் சூரியன் வடக்கே 20, தெற்கே 26 பாகை சாய்கிறது என்று மேலே கண்டோமல்லவா? அந்தக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். மேல்மாடி கீழ்மாடிக்குக் குடை பிடிக்கிறது.

நாம் என்ன செய்யலாம்?

புதிதாகக் கட்ட வாய்ப்புள்ளவர்கள் வீட்டின் நீண்ட பக்கங்களை வடக்கு தெற்காக வைக்கலாம். நம்மில் பெரும்பாலோர்க்குக் கட்டிய வீடுதான் கிடைக்கிறது. வாஸ்து பார்த்துக் கிழக்கு வாசல் வீடு வாங்குவோரும் பலர். அதில் தவறில்லை, ஆனால் கிழக்கு வாசல் என்றால் பின்னறைக்கு மேற்கு வெயில் என்பதையும் சேர்த்தே வாங்குகிறோம். எங்கள் வீட்டில் அந்தப் பின்னறைதான் பாட்டியின் அறை. எனவே, பணம் செலவழிப்பதற்கும் ஒரு வரிசை வேண்டும்.

முதலாவது, கூரை. வெப்பம் மூன்று வழிகளில் பரவும் என்று பள்ளியில் படித்தோம்: கடத்தல், சலனம், கதிர்வீச்சு. சூடேறிய ஓட்டிலிருந்து மேற்கூரைப் பலகைக்கு வெப்பம் பெரும்பாலும் கதிர்வீச்சாகவே இறங்குகிறது. ஓட்டின் அடியில் அலுமினியத் தாள் விரித்தால் அது பெருமளவு தடுக்கப்படும். ஆனால் தாளின் பளபளப்பான முகத்தையொட்டிக் காற்று இடைவெளி இருக்க வேண்டும். அந்த முகம் கீழ்நோக்கி இருந்தால் தூசு படியாது. அதனுடன் மேற்கூரைப் பலகையின் மேல் பாறைக் கம்பளியோ கண்ணாடிக் கம்பளியோ பரப்பினால் கடத்தலும் குறையும்.

எவ்வளவு குறையும்? சிலாங்கூரில் 2012இல் திருத்தப்பட்ட கட்டடத் துணைச்சட்டம், எடை குறைந்த கூரைகளின் வெப்பக் கடப்பு எண் 0.4க்கு மேற்படக் கூடாது என்கிறது. அதாவது ஒரு சதுர மீட்டரில், ஒரு பாகை வேறுபாட்டிற்கு, 0.4 வாட் மட்டுமே உள்ளே வரலாம். நம் 1,200 சதுர அடி ஏறத்தாழ 110 சதுர மீட்டர். மேலும் கீழும் 20 பாகை வேறுபாடு என்று வைத்துக்கொண்டால் 0.4 × 110 × 20 = 880 வாட். காப்பில்லாத கூரையின் எண்ணை 2 என்று கொண்டால் 4,400 வாட். இடைவெளி 3,520 வாட். ஒரு குதிரைத்திறன் குளிர்சாதனம் வெளியேற்றும் வெப்பமே ஏறத்தாழ 2,600 வாட்தான். கூரையில் காப்பிடாமல் குளிர்சாதனம் வாங்குவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதற்கு ஒப்பாகும்.

ஓர் எச்சரிக்கை: பழைய வீடுகளின் மேற்கூரைத் தகடுகளில் அஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். நீங்களே துளையிடவோ உடைக்கவோ வேண்டாம், அறிந்தவரை அழையுங்கள்.

இரண்டாவது, மேற்கு வெயில். உள்ளே தொங்கும் திரைச்சீலை, கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட வெப்பத்தை மறைக்கிறது, தடுப்பதில்லை. நிழல் வெளியே இருக்க வேண்டும். மூங்கில் திரை, சாய்வுக் கூரை, கொடிப் பந்தல் எதுவானாலும் சரி. அவரைப் பந்தல் போட்டால் காயும் கிடைக்கும். சுவருக்கும் கூரைக்கும் வெளிர்நிறச் சாயமே நல்லது. இப்போது பரவிவரும் கருஞ்சாம்பல் நிறம் புகைப்படத்தில் அழகு, நண்பகலில் சுமை.

மூன்றாவது, காற்று. துணைச்சட்டம் அறையின் தரைப்பரப்பில் 10 விழுக்காடு சன்னல் வேண்டும் என்றும், அதில் பாதி, அதாவது 5 விழுக்காடு, தடையின்றிக் காற்று புகும் திறப்பாக இருக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. நான் அடைத்தது அதைத்தான்! உள்ளே வர ஒரு வழி, வெளியேற எதிர்ப்புறம் உயரத்தில் ஒரு வழி இருந்தால் காற்று ஓடும். வீட்டை விரிவாக்கும்போது பின்முற்றத்தை முழுதும் மூடிச் சமையலறையை நீட்டிவிடுகிறோம். அந்த நாளே நடு அறைகளின் காற்று நின்றுவிடுகிறது. கொஞ்சம் வானத்தை விட்டுவையுங்கள்.

நான்காவது, மின்விசிறி. வீசும் காற்று வியர்வையை உலர்த்துவதால் உடலுக்கு 2 முதல் 3 பாகை குறைந்ததுபோல் தோன்றும். மேற்கூரை விசிறி ஏறக்குறைய 70 வாட் எடுக்கும். ஒரு குதிரைத்திறன் குளிர்சாதனம் 800 வாட். பதினொரு விசிறிகளுக்கான மின்சாரம்!

ஐந்தாவதுதான் குளிர்சாதனம். அதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதியவர்களும் குழந்தைகளும் நோயாளிகளும் உள்ள வீட்டில் அது ஆடம்பரமன்று. ஓர் அறையைத் தேர்ந்து, அந்த அறையை மட்டும் இறுக மூடி, எரிசக்தி ஆணையத்தின் ஐந்து நட்சத்திர முத்திரை உள்ளதை வாங்கி, 24 முதல் 26 பாகைக்குள் வைத்து, விசிறியையும் ஓடவிடுங்கள். குளிர்நாட்டு நூல் சொன்ன 'இடுக்கை அடை' என்ற விதி இங்கே அந்த ஓர் அறைக்குப் பொருந்தும். குளிர்சாதனம் ஓடும் அறையில் ஈரக்காற்று புகுந்துகொண்டே இருந்தால் பொறி அதை உலர்த்துவதிலேயே உழைப்பை இழக்கும்.

சூரிய மின்தகடுகள் இவற்றுக்குப் பிறகு வரட்டும். முதலில் தேவையைக் குறைத்தால் குறைந்த தகடுகளே போதும். அவையும் கூரைக்கு ஒரு நிழலாகும். 2025 ஜூலையில் நடப்புக்கு வந்த மின்கட்டண முறையும், மாதம் 1,000 கிலோவாட் மணி வரை பயன்படுத்தும் வீடுகளுக்குச் சிக்கன ஊக்கத்தொகை தருகிறது. குறைப்பவருக்குக் கையில் பணம் நிற்கும்.

முடிவாக

எங்கள் வீட்டில் அடைத்ததையெல்லாம் பிரித்தேன். அப்பாவின் சேமிப்பிலும் என் முதல் சம்பளத்திலும் கூரைக்கு அலுமினியத் தாளும் பாறைக் கம்பளியும் இட்டோம். பின்சுவரை ஒட்டிப் பந்தல் போட்டோம். அவரைக் கொடியைப் பாட்டியே நட்டார். வீடு பனிமலையாகிவிடவில்லை. மதியம் மூன்று மணிக்கு இன்னும் வியர்க்கத்தான் செய்கிறது. ஆனால் பாட்டி தம் அறையில், விசிறிக்கடியில் படுக்கிறார். பாய் வாசலுக்குப் போவதில்லை.

நண்பர்களே, நம்மில் பலர் நாளை பொறியாளராகவும் கட்டடக் கலைஞராகவும் வருவோம். எல்லாரும் ஏதேனும் ஒரு வீட்டின் பொறுப்பை ஏற்போம். குளிர்நாட்டில் குடியேறுபவர் தம் வீட்டிற்குப் போர்வையைத் தேடட்டும். இங்கே இருப்பவர்கள் குடையைத் தேடுவோம். இந்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது ஒன்று செய்யுங்கள். பிற்பகல் மூன்று மணிக்கு வீட்டின் ஒவ்வோர் அறையிலும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். மிகச் சூடான அறை எது, அதில் படுப்பவர் யார் என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் வேலை அந்த அறையிலிருந்து தொடங்கட்டும்.